வாசிக்காத நாளுக்குப் படியளப்பவர் யார்? கோயில் மேளம், கல்யாண மேளம், கடல் கடந்த மேளம்: ஓர் ஒப்பீடு

ஆடி மாதம் முதல் தேதி என் தங்கை மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். மேளக்காரன் வீட்டுக்கு இன்னொரு மேளக்காரன் சாவகாசமாக வருவதென்றால் அது ஆடியில்தான் நடக்கும். மற்ற மாதங்களில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் கும்பகோணம் பஸ் நிலையத்தில், விடியற்காலையில், தோளில் உறை போட்ட நாயனத்தோடு. நாதசுரத்தை நாங்கள் நாயனம் என்றுதான் சொல்வோம்.

அவனுக்கு 24 வயது. அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டு நாதசுரம் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். இரண்டு வருடமாகக் கூப்பிட்ட செட்டிலெல்லாம் (கல்யாணத்துக்கு வாசிக்கும் மேளக் குழு) போய் வாசித்துக்கொண்டிருக்கிறான். நோட்டில் நான்கு பத்தி போட்டிருந்தான்: கோயில் வேலை, கல்யாண செட், வெளிநாட்டுக் கோயில், இசை ஆசிரியர். ஒவ்வொன்றின் கீழும் ரூபாய்க் கணக்கு.

"எதில் வருமானம் அதிகம், மாமா?"

ஐந்தாவதாக ஒரு பத்தி போடச் சொன்னேன். 'நான் வாசிக்காத நாளுக்கு யார் படியளப்பார்கள்?' என்று அதற்குத் தலைப்பு. காய்ச்சல் நாள், ஆடி நாள், மார்கழி நாள், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிற நாள், கடைசியில் பல் விழுந்த பிறகு வரும் எல்லா நாளும். இதை நிரப்பாமல் மற்ற நான்கு பத்தியை எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் கணக்கு பொய்யாகத்தான் இருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், முப்பத்துமூன்று வருடம் நாயனம் பிடித்திருக்கிறேன். அதில் ஆறு வருடம் கோயிலில், இரண்டு வருடம் கடல் கடந்து, மிச்சமெல்லாம் கல்யாண மண்டபங்களில். 51 வயதில் முன்பல் ஆடியது, 53-இல் விழுந்தது. அதோடு என் மேல் ஸ்தாயியும் போயிற்று. இப்போது நாலு பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆக, அவன் போட்ட நான்கு பத்தியிலும் கொஞ்சம் கொஞ்சம் வாழ்ந்து பார்த்தவன் நான்.

முதலில் அவனுடைய ரூபாய்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கல்யாண செட்டில் வருடத்துக்கு 45 அழைப்பு, ஒவ்வொன்றுக்கும் தன் பங்காக 4,000 ரூபாய் என்று வைத்து 1,80,000 போட்டிருந்தான். கோயில் வேலைக்கு மாதம் 12,000 என்று வைத்து 1,44,000. 'பார்த்தீர்களா மாமா, செட்டில் 36,000 அதிகம்' என்றான். பஸ் செலவு, வெளியூரில் சாப்பாடு, சீவாளி (நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு), பட்டு வேட்டி சலவை, அழைப்பு வாங்கிக் கொடுத்தவருக்கு ஒரு தொகை என்று ஒவ்வொன்றாகக் கழிக்கச் சொன்னேன். நாற்பதாயிரம் போயிற்று. மிச்சம் 1,40,000. கோயில் கணக்குக்குக் கீழே வந்துவிட்டது. அவன் போட்ட எண்களெல்லாம் குத்துமதிப்புதான், ஊருக்கு ஊர் மாறும். ஆனால் முகூர்த்தக் கூலியை மாதச் சம்பளத்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

கல்யாண செட்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. அதன் இனிப்பையும் கசப்பையும் முழுசாகத் தின்றவன்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு, அப்புறம் வரவேற்பு. வரவேற்பு மேடை இப்போதெல்லாம் மெல்லிசைக் குழுவுக்குத்தான். மேளம் வாசல் பக்கம் ஒதுங்கும். சாப்பிட்டுப் படுக்க இரவு பதினொன்று. மேளக்காரருக்கென்று மண்டபத்தில் அறை கிடையாது. சமையல்கட்டுக்குப் பக்கத்திலோ மேடைக்குப் பின்னாலோ ஒரு ஜமக்காளம். மூன்றரைக்கு எழுந்து குளித்து நான்கு மணிக்கு நாயனத்தை நனைத்தால், நாலரை-ஆறு முகூர்த்தம். கெட்டிமேளம் முடிந்து, நலங்கு, ஊஞ்சல் என்று அவர்கள் சம்பிரதாயம் எதுவோ அதெல்லாம் வாசித்து, பதினோரு மணிக்குப் பெண்ணின் அப்பாவைத் தேடிக்கொண்டு செட் தலைவர் பந்திக்கும் வாசலுக்கும் நடப்பார். மகளை அனுப்பிவைக்கிற துக்கத்திலும் பாத்திரக் கடைக்காரன் பாக்கியிலும் இருக்கிற மனிதரிடம் போய்க் காசு கேட்பது இருக்கிறதே, அதைவிடத் தோடியை நாலு மணி நேரம் ஆலாபனை செய்யலாம்.

வைகாசியில் அடுத்தடுத்த நாள் முகூர்த்தம் வந்தால் இதே கதை திருவாரூரில் ஒரு நாள், சென்னையில் ஒரு நாள். நடுவில் தூங்குவது பஸ்ஸில். அப்புறம் ஆடி வந்ததும் ஒரு மாதம் சும்மா. புரட்டாசியில் பாதிச் சும்மா. மார்கழி முழுசாகச் சும்மா. ஆடியில் வீட்டுச் செலவுக்குச் செட் தலைவரிடம் கைமாற்று வாங்குவோம். ஆவணியில் வாசித்துக் கழிப்போம். கழியும்போதே அடுத்த மார்கழிக்கு வாங்கியிருப்போம். இப்படி வாங்கியவன் கூலியைப் பற்றிப் பேரம் பேச முடியாது. நல்ல செட் ஒன்று கூப்பிட்டாலும் போக முடியாது. நான் ஒரே தலைவரிடம் ஒன்பது வருடம் இருந்ததற்குக் காரணம் விசுவாசம் என்று ஊரில் நினைத்தார்கள். உண்மையில் அது ஒரு சின்ன நோட்டுக் கணக்கு.

உடம்புக்கு வருகிறேன். மருமகன் (அந்தத் தங்கை மகன்தான்) ஒரு வரவேற்பில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி கைபேசியை வைத்து ஒலியை அளந்திருக்கிறான். 104 டெசிபெல் என்று காட்டியதாம். கைபேசி அளவை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் வேலையிடங்களுக்கு நிபுணர்கள் பரிந்துரைக்கும் அளவைப் பாருங்கள்: 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் 3 டெசிபெல் கூடக்கூட அந்த நேரம் பாதிபாதியாகக் குறையும். 100-க்குக் கால் மணி நேரம்தான். நாங்கள் ஒரு முகூர்த்தத்தில் நாலைந்து மணி நேரம் வாசிக்கிறோம். தேர் ஓடுகிற வீதிக்கென்று பிறந்த வாத்தியத்தைக் குளிர்பதன மண்டபத்துக்குள் அடைத்துவைத்து, போதாததற்கு மைக்கும் வைத்தால் காது என்ன செய்யும்? என்னோடு இருபது வருடம் தவில் வாசித்தவருக்கு வலது காது மந்தம். பேரன் அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டு போன பிறகுதான் வீட்டில் கண்டுபிடித்தார்கள். தவிலின் கனம் தோளுக்கு, கூடு மாட்டிய விரல்களுக்கு வெடிப்பு, இதெல்லாம் வெளியில் தெரிகிற காயம், தைலம் தடவுவார்கள். காதுக்கு யாரும் தைலம் தடவுவதில்லை. இசைக்கலைஞர்களுக்கென்றே காது அடைப்பான் விற்கிறது. மருமகனை வாங்கச் சொன்னேன். 'சுருதி கேட்காதே' என்றான். கேட்கும், பழகினால் கேட்கும். அதோடு, தன் பக்கம் திரும்பியிருக்கும் ஒலிபெருக்கியைத் திருப்பி வைக்கச் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அதற்குக் காசு இல்லை, கொஞ்சம் தைரியம் போதும்.

குடியைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். நம் தொழிலில் குடி என்பது குணக்கேடு என்று ஊரார் சொல்வார்கள். இரவு பதினொன்றுக்கு உடம்பு முறுக்கேறி நிற்கிறது, மூன்றரைக்கு எழ வேண்டும், தூக்கம் வரவில்லை. பக்கத்தில் இருப்பவர் ஒரு குவளை நீட்டுகிறார். இப்படித்தான் ஆரம்பம், எனக்கும். விட எட்டு வருடம் ஆயிற்று. வேலையின் நேர அமைப்பே ஆளைக் குடிக்கத் தள்ளும்போது ஆளை மட்டும் திட்டி என்ன பயன்?

முகூர்த்த நாளில் எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் நாங்கள் இருந்ததில்லை. என் அக்காள் மகள் கல்யாணத்தன்று நான் மன்னார்குடியில் வேறு ஒருவர் வீட்டுப் பெண்ணுக்குக் கெட்டிமேளம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் செட்டை நான் வேண்டாம் என்று ஒதுக்க மாட்டேன். ஒருவனுக்கு வித்தை முற்றுவது அங்கேதான். ஊர் ஊராகப் போய், வேறு வேறு தவிலோடு வாசித்து, தெரியாத பாட்டைக் கேட்டதும் பிடித்து வாசித்து, நேரம் பார்த்து நிறுத்தி, கூட்டத்தைப் பிடித்துவைக்கக் கற்பது எல்லாம் அங்கே. கையில் அபூர்வமான வாசிப்பு இருந்து, பெயர் சொல்லித் தேடிவந்து கூப்பிடுகிற நிலை வந்தால் கூலியை அவனே சொல்லலாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாயனத்துக்கு வாங்கிக் கொடுத்த மேடை மரியாதை ஒன்று இருக்கிறது. அந்த மரியாதையில் வாழ முடிகிறவர்கள் எந்தக் காலத்திலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். எஞ்சிய நாங்கள் வாசல் பக்கம் வாசிக்கிறவர்கள்.

கோயில் வேலைக்கு வருவோம்.

காவிரி டெல்டாவில் கோயிலுக்குப் பஞ்சமில்லை, கோயிலில் மேளத்துக்குத்தான் பஞ்சம். சுவிட்சைப் போட்டால் தானே அடித்துக்கொள்கிற மின்மேளம் வந்து பல சன்னதிகளில் நாயனம் மறைந்துவிட்டது. தீபாராதனை நேரத்தில் அந்தத் தகரச் சத்தத்தைக் கேட்டால் சாமி எப்படித் தாங்குகிறார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் பெரிய கோயில்களில் நாதசுரம், தவில், தாளம் என்று தனித்தனிப் பணியிடங்கள் இன்னும் இருக்கின்றன. அறநிலையத்துறை அறிவிப்பு போடும்போது உள்துறைப் பணியிடங்கள் என்ற தலைப்பின் கீழ் வரும். இசைப்பள்ளிச் சான்றிதழ் அங்கே செல்லும். அந்த மூன்றாண்டு சும்மா போகவில்லை என்று அவன் அம்மாவிடம் நான் சொல்ல இது ஒன்றாவது கிடைத்தது.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாக் கோயில் வேலையும் ஒரே வேலை அல்ல. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு கோயில்களை ஆண்டு வருமானத்தை வைத்துப் பிரிக்கிறது: 10,000 ரூபாயிலிருந்து 2 லட்சத்துக்குள் ஒரு வகை, 2 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குள் ஒரு வகை, 10 லட்சமும் அதற்கு மேலும் ஒரு வகை. சம்பளம் அந்தக் கோயிலின் வருமானத்திலிருந்துதான் வர வேண்டும். நம் பக்கம் வேலிக்கணக்கில் நிலம் உள்ள கோயிலுக்குக்கூடக் குத்தகை பாக்கியாகவே நிற்கும். ஏட்டில் ராஜா, உண்டியலில் ஏழை. ஆகவே கோயிலின் பழம்பெருமையையோ கோபுர உயரத்தையோ பார்த்து மயங்கக் கூடாது. மூன்று கேள்வி கேட்க வேண்டும். கோயில் எந்த வகை? பணியிடம் ஊதிய விகிதத்திலா, தொகுப்பூதியமா, தினக்கூலியா? விடுப்பு எடுத்தால் மாற்று ஆளுக்கு யார் கொடுப்பது?

நான் ஆறு வருடம் இருந்த கோயிலில் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் போய்ச் சேர்ந்தேன். தினக்கூலி. 'நிரந்தரம் ஆகிவிடும்' என்று வருடா வருடம் சொன்னார்கள். டைபாய்டு வந்து பதினெட்டு நாள் படுத்தபோது என் கூலியும் போயிற்று, மாற்று ஆளுக்கு நானே என் கையிலிருந்து கொடுத்தேன். காய்ச்சல் தணிந்து எழுந்ததும் செட்டுக்குப் போய்விட்டேன். அதே தெருவில் இன்னொரு கோயிலில் ஊதிய விகிதத்தில் இருந்தவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் கஞ்சி குடித்தார். பெயரைக் கேட்டால் இருவருமே கோயில் மேளம்தான்.

வேலை நேரம் ஒரு விசித்திரம். விடியலில் திருவனந்தலுக்குப் பூபாளமோ பௌளியோ வாசிக்க நிற்க வேண்டும். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தினால் நாலு மணி வரை ஓய்வு. சாயரட்சைக்குக் கல்யாணி, சங்கராபரணம் என்று மாலை ராகங்கள். அர்த்தசாமத்தில் சாமி பள்ளியறைக்குப் போகும்போது நீலாம்பரி. நாளில் எட்டு மணி நேரம்கூட வாசிப்பதில்லை. ஆனால் நாள் முழுவதும் கோயிலைச் சுற்றியே கட்டிப்போட்டிருக்கும். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போக முடியாது, நண்பனோடு திருச்சி வரை போய்வர முடியாது. 24 வயதுக்கு இது சிறை மாதிரி இருக்கும். எனக்கும் இருந்தது.

அந்தச் சிறையில்தான் ஒரு சுகமும் இருக்கிறது என்பது எனக்கு வெகு பின்னால் தெரிந்தது. மத்தியானத்தில் மூன்று மணி நேரம் தூக்கமும் வாசிப்புச் சாதகமும். ஒரே நேரத்தில் சாப்பாடு. திறந்த பிராகாரத்தில் வாசிப்பதால் காதுக்கு அடி குறைவு. மேல் ஸ்தாயியில் வலிந்து கத்த வேண்டிய அவசியம் இல்லாததால் உதடும் பல்லும் தேய்வது குறைவு. எவனும் 'அந்தப் படப் பாட்டு வாசி' என்று சீட்டு அனுப்புவதில்லை. கல்யாணத்தில் மல்லாரி வாசிக்க மாட்டோம். அது சாமி புறப்பாட்டுக்கு உரியது. கம்பீரநாட்டையில் மல்லாரி எழும்ப, வீதியுலாவில் சாமி அசைந்து வருகிற அந்த இரவுகள் கோயில் மேளக்காரனுக்கு மட்டும் வாய்ப்பவை. திருவாரூரில் பாரிநாயனம், சுத்த மத்தளம், பஞ்சமுக வாத்தியம் என்று வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத வாத்தியங்கள் உண்டு. அவற்றை வாசிக்கும் முறை எந்தக் கல்யாண மண்டபத்திலும் கற்கக் கிடைக்காது.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தபோது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அந்த வருடம் மாசிக்கு முன்னால், பிப்ரவரி 5-ஆம் தேதி, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு நடந்திருந்தது. எல்லா மேளக்காரர் முகத்திலும் தெளிச்சி. இனி சித்திரை, வைகாசி என்று ஆசையோடு காத்து நின்றபோது மண்டபங்கள் பூட்டிக்கொண்டன. வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கோயில் கதவு பக்தருக்கு மூடியிருந்தாலும் பூசை நிற்கவில்லை. நிரந்தரப் பணியில் இருந்தவர் வீட்டில் உலை கொதித்தது. எங்கள் வீட்டில் என் மனைவியின் சங்கிலி கும்பகோணத்தில் ஓர் அடகுக்கடைக்குப் போயிற்று. அது திரும்பி வர மூன்று வருடம் ஆனது.

கடல் கடந்த மேளத்தைப் பற்றி ஊரில் கேட்டால், போய்வந்தவர்கள் எல்லோரும் மாடி கட்டியவர்கள் என்பார்கள். சிலர் கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, லண்டன் என்று தமிழர் கோயில் கட்டிய இடமெல்லாம் மேளம் தேவைப்படுகிறது. அந்தக் காலத்தில் டெல்டா மேளம் யாழ்ப்பாணத் திருவிழாக்களுக்குப் படகேறிப் போய்வரும். திருவிழா முடிந்தால் வீடு. இப்போதைய ஒப்பந்தம் அப்படி அல்ல. பெரும்பாலும் இரண்டு வருடம் ஒரே இடம். என் ஒப்பந்தத்தில் 'நாதசுரக் கலைஞர்' என்று போட்டிருந்தது. போன பிறகு பூ தொடுப்பதும் அண்டா கழுவுவதும் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவதும் சேர்ந்துகொண்டன. அண்டா கழுவுவதில் எனக்குக் கேவலம் இல்லை. நாள் பதினாறு மணி நேரம் ஆனதுதான் கேவலம். அறையில் சமையற்காரரும் பரிசாரகரும் நானும். என்னோடு ஒரே தவில்காரர். அவரோடு சண்டை வந்தால் பேச வேறு ஆளில்லை. இரண்டாவது பொங்கலில் அவரோடு பேசாமல் நாற்பது நாள் வாசித்தேன், தாளம் தவறவில்லை.

பணம் சேரும், பொய் சொல்லவில்லை. தங்குமிடமும் சாப்பாடும் அவர்களுடையதாக இருந்தால் சம்பளம் அப்படியே வீட்டுக்கு வரும். ஆனால் முகவருக்குக் கொடுத்த கடனை அடைக்க முதல் ஏழெட்டு மாதம் போகும். அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். போவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு வரும். மலேசியாவும் வளைகுடா நாடுகளும் அந்த அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் இருப்பதால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலக அனுமதி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. சிலர் இதைத் தொந்தரவாக நினைத்துச் சுற்றுலா விசாவில் போகிறார்கள். போகாதீர்கள். அந்த அனுமதியோடு சேரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம். கூப்பிட்டுக் கேட்க ஓர் அரசாங்கப் பதிவாவது இருக்கும்.

இன்னொரு இழப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இரண்டு வருடம் ஊரில் இல்லையென்றால் கூப்பிடுகிறவர்கள் உன்னை மறந்துவிடுவார்கள். நான் திரும்பி வந்து பழைய எண்களுக்கெல்லாம் பேசினேன். எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். அழைப்பு வரவில்லை.

ஆசிரியர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதை விரும்புவதற்குக் காரணம் நிறைய, இடம் கொஞ்சம். அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம், தேவாரம் இவற்றோடு நாதசுரமும் தவிலும் பாடம்தான். ஆனால் ஒரு பள்ளிக்கு நாதசுர ஆசிரியர் எத்தனை பேர் வேண்டும்? அவர் ஓய்வுபெறும்வரை அந்த நாற்காலி காலியாகாது. அதற்கும் திருவையாறு அரசு இசைக் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில் பட்டயமோ பட்டமோ வாங்கியிருப்பது நல்லது. உடம்புக்கு இதைவிட நல்ல வேலை நம் தொழிலில் இல்லை. இரவில் தூங்கலாம், ஞாயிற்றுக்கிழமை உண்டு. கைபேசி வழியாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் வளர்ந்துவருகிறது. நானே கனடாவில் ஒரு பையனுக்கு வாரம் இருமுறை சொல்லிக்கொடுக்கிறேன், அவனுக்குக் காலை, எனக்கு இரவு. ஆனாலும் 24 வயதில் நேராக வாத்தியார் நாற்காலியில் உட்காருவதில் எனக்குச் சம்மதம் இல்லை. நாலு ஊர்த் தேர்வீதியில் ஊதாதவன் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பான்? இது என் பிடிவாதமாகவும் இருக்கலாம்.

நாயனம் படிக்கிற பெண்பிள்ளை வந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். இசைப்பள்ளிகளில் பெண்கள் நிறைய வருகிறார்கள், நன்றாகவும் வாசிக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்ற காலீஷாபி – மெகபூப் சுபானி தம்பதியைப் போலக் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாசிப்பவர்களுக்குச் செட் வாழ்க்கை ஓரளவு ஒத்துவருகிறது. தனியாக வாசிக்கும் பெண்ணுக்கு மண்டபத்தில் உடை மாற்ற ஓர் இடம், இரவு படுக்கத் தாழ்ப்பாள் உள்ள அறை, விடியலில் திரும்ப வண்டி, இந்த மூன்றையும் அச்சாரம் வாங்கும்போதே பேசிக்கொள்ளாத செட்டுக்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவளுக்கு ஆசிரியர் வேலையும் பக்கத்து ஊர்க் கோயிலும் தட்டில் கனமாக நிற்கும்.

தப்பாட்டக்காரர், கரகம் எடுப்பவர், பொய்க்கால் குதிரை ஆடுபவர் இவர்களுக்கோ இந்த ஒப்பீடே பொருந்தாது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் அவர்கள் இல்லாமல் மாரியம்மன் திருவிழா நடக்காது. ஆனால் நான் பார்த்த எந்தக் கோயில் பணியிடப் பட்டியலிலும் தப்பு அடிப்பவருக்கு இடம் இல்லை. நான் நாலு வழியில் எது என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன். அவர்களுக்கு வழி ஒன்றுதான், அதுவும் பருவத்துக்குப் பருவம். 2007-இல் அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிந்துகொள்வது மட்டுமே அவர்களுக்குக் கையில் உள்ள பிடிமானம். பதியாதவர்கள் இன்றே பதிந்துகொள்ளட்டும்.

எந்த வழியில் போனாலும் மருமகன் செய்ய வேண்டிய சில எழுத்துவேலைகளை நோட்டில் எழுதிக் கொடுத்தேன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை. அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் ஷ்ரம் யோகி மாந்தன் ஓய்வூதியம்: மாத வருமானம் 15,000-க்குள் இருக்க வேண்டும், பி.எஃப். இருக்கக் கூடாது, 24 வயதில் சேர்ந்தால் மாதம் 76 ரூபாய், அதே அளவு அரசும் போடும், 60-க்கு மேல் மாதம் 3,000 வரும். முப்பத்தாறு வருடம் கழித்து 3,000 ரூபாய்க்கு நாலு சீவாளியாவது கிடைக்குமா தெரியவில்லை. இருந்தாலும் 76 ரூபாய்தானே. இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு வரும் உதவித்தொகை பற்றி அவன் கேட்டான். அது வயதும் நலிவும் சேர்ந்த பிறகு வருவது. அதை நம்பி 24 வயதில் திட்டம் போடக் கூடாது.

கடைசியில் என் முடிவைக் கேட்டான். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பத்து லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ள கோயிலில், ஊதிய விகிதத்தில், இருசக்கர வண்டியில் போய்வரும் தூரத்தில் பணியிடம் அறிவித்தால் உடனே விண்ணப்பி. கிடைத்தால் சேர். முகூர்த்தத்தில் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து மட்டும் எடு, அதுவும் அதிகாரியிடம் சொல்லி, மாற்று ஆள் வைத்து. 27 வயதுவரை கோயில் கிடைக்கவில்லையென்றால் வெளிநாடு ஒரே ஒரு ஒப்பந்தம். அந்தப் பணத்தில் மாடி கட்டாதே, திருவையாற்றில் படி. முழுநேரச் செட்டு மட்டும் வேண்டாம்.

"என் வாசிப்பு செட்டுக்குப் போதாது என்கிறீர்களா, மாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தில் கடைந்த நாயனம் அவனுடையது. வாங்கிக் கொடுத்தவன் நான். நல்ல வாசிப்பு, சுத்தமான சுருதி, கணக்கு தவறாது. ஊர் பெயர் சொல்லித் தேடி வருகிற வாசிப்பா என்றால், இல்லை. என்னுடையதும் இல்லை. அது எனக்கு 40 வயதில்தான் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அந்த டைபாய்டுக்குப் பிறகு கோயிலை விட்டு வந்திருக்க மாட்டேன், பக்கத்துக் கோயிலில் நிரந்தரப் பணியிடத்துக்கு முயன்றிருப்பேன். இதை அப்படியே அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள், அவன் எடுக்கவில்லை.

பிறகு, "முகூர்த்தத்துக்குப் போகிற அன்று திருவனந்தலுக்கு மாற்று ஆள் யார் வருவார்கள்? அந்த விடியலில் எவரும் வர மாட்டார்களே" என்றான்.

"நான் வருகிறேன். பூபாளத்துக்கு மேல் ஸ்தாயி அவ்வளவு வேண்டாம். பல் மட்டும் கட்டிக்கொள்ள வேண்டும்."

காபியை எடுத்துக் குடித்தான். பல் கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான்.